ஒரு நாளைக்கு ஒரு இழுப்பறை

'வீட்டை ஒழுங்குபடுத்துவேன்' என்று மூன்று புத்தாண்டுக்கு எழுதி வைத்தேன். ஒருமுறைகூட ஜனவரி 10-ஐத் தாண்டவில்லை. அலமாரி முழுவதையும் கட்டிலில் கொட்டுவேன். இரவு படுக்க இடமில்லாமல் அப்படியே திரும்பத் திணிப்பேன்.

இந்த முறை இலக்கைச் சுருக்கினேன். தினமும் 15 நிமிடம், ஒரே ஒரு இழுப்பறை. அலாரம் அடித்தால் நிறுத்திவிட வேண்டும், அவ்வளவுதான்.

முதல் இழுப்பறையிலேயே 11 சார்ஜர் ஒயர்கள். அதில் நாலுக்குப் பொருந்தும் போனே வீட்டில் இல்லை! உள்ளே செம்பு இருக்கிறதே, குப்பையில் போடாமல் மின்கழிவில் சேர்த்தேன். தூக்கிப்போட மனம் வராதவற்றை அட்டைப்பெட்டியில் போட்டுத் தேதி எழுதிப் பரணில் வைத்தேன். ஆறு மாதம் யாரும் தேடவில்லை, அப்புறம் கொடுத்துவிட்டேன்.

பழைய கடிதங்கள் இருக்கும் டப்பாவை மட்டும் இன்னும் தொடவில்லை. ஒன்றைப் பிரித்தால் போதும், 15 நிமிடமும் அதிலேயே போய்விடும்.