பக்கவாதத்துக்குப் பிறகு பாதிப் பார்வை: வீட்டில் கண்டறிவதும் பழக்குவதும்

பக்கவாதம் வந்து வீடு திரும்பியவர் வாழையிலையில் வலப்பாதியை மட்டும் வழித்துச் சாப்பிடுகிறார். நுனிப்பக்கம் வைத்த உப்பும் ஊறுகாயும் அப்படியே கிடக்கின்றன. நடந்தால் இடது தோள் கதவு நிலையில் இடிக்கிறது. "இடது கண்ணு போயிருச்சு" என்கிறார். வீட்டார் கண்ணாடிக் கடைக்கு அழைத்துப் போகிறார்கள். பெரும்பாலும் கண்ணில் கோளாறே இருக்காது.

இரு கண்களிலிருந்தும் வரும் நரம்புகள் மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரிச் சுரப்பிக்கு மேலே சந்தித்து, பாதிப் பாதியாக இடம் மாறுகின்றன. அதன்பின் இரு கண்களும் காணும் இடப்பக்கக் காட்சி வலது மூளைக்கும், வலப்பக்கக் காட்சி இடது மூளைக்கும் போய், கடைசியில் மூளையின் பின்புறப் பிடரிப் பகுதியை அடைகின்றன. வலப் பிடரிக்கு இரத்தம் நின்றால் இரண்டு கண்ணிலுமே இடப்பாதி மறையும். மறைந்த பாதி கறுப்பாகத் தெரியாது. தலைக்குப் பின்னால் இருப்பது நமக்கு எப்படிக் கறுப்பாகத் தெரிவதில்லையோ, அப்படித்தான் இதுவும். அதனால்தான் அவருக்கே அது பிடிபடுவதில்லை.

பார்வை திடீரென்று இப்படிக் குறைந்தால் எந்தச் சோதனையும் செய்து பார்க்க வேண்டாம். உடனே மலேசியாவின் அவசர எண்ணான 999-ஐ அழையுங்கள். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைக் குறித்து வையுங்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக அந்த நேரத்திலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும்.

வீடு திரும்பியவரைச் சோதிக்க, ஒரு மீட்டர் இடைவெளியில் எதிரெதிரே உட்காருங்கள். அவர் வலது கண்ணை மூடட்டும், நீங்கள் இடது கண்ணை மூடுங்கள். அவர் உங்கள் திறந்த கண்ணையே பார்க்க வேண்டும். இருவருக்கும் நடுவே கையை நீட்டி மேலும் கீழும், இடமும் வலமும் என நான்கு மூலைகளிலும் ஒன்று, இரண்டு அல்லது ஐந்து விரல் காட்டி எண்ணச் சொல்லுங்கள். அவர் கண் நழுவி விரலைத் தேடினால் அந்தத் தடவையைக் கணக்கில் விட்டுவிட்டு மறுபடி காட்டுங்கள். இந்தச் சோதனை பெரும்பாலும் இங்கேதான் கெட்டுப்போகிறது. பிறகு மறு கண்ணுக்கும் செய்யுங்கள். ஒரு கண்ணில் மட்டும் குறை என்றால் கண்ணையோ கண் நரம்பையோ சந்தேகிக்கலாம். இரு கண்ணிலும் ஒரே பக்கம் மறைந்தால் மூளைதான் காரணம். இரு கண்ணிலும் வெளிப்பக்கம் மறைந்தால் நரம்புகள் சந்திக்கும் இடத்தில் கோளாறு இருக்கலாம். தாமதிக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அடுத்து, இரு கண்ணும் திறந்திருக்க, இரண்டு கைகளையும் ஒரே நேரத்தில் அசையுங்கள். தனித்தனியாகக் காட்டும்போது தெரிந்த, அவருக்கு இடப்பக்கம் உள்ள கை, சேர்த்துக் காட்டும்போது தெரியவில்லை என்றால் அது கவனக் குறைவு. பெரும்பாலும் வலப்பக்க மேல்மூளை அடிபட்டால் வருவது. பார்வை வரும், ஆனால் இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதையே மூளை கணக்கில் எடுக்காது. இவர்கள் 'கோலாலம்பூர்' என்பதை 'லம்பூர்' என்று படிப்பதுண்டு. இடக்கன்னத்தைச் சவரம் செய்யாமல் விடுவார்கள். சிலருக்குப் பாதிப் பார்வையும் கவனக் குறைவும் சேர்ந்தே இருக்கும்.

இந்த இரண்டையும் பிரித்தறிவது முக்கியம், ஏனென்றால் பயிற்சி வேறு. பார்வை மட்டும் போனவர், எந்தப் பக்கம் போனது என்று புரிந்துகொண்டால் தானே தேடப் பழகுவார். மேசை மீது 10 சென், 20 சென் காசுகளைப் பரப்பி, மறைந்த பக்கத்தின் கடைக்கோடிக்கு முதலில் கண்ணைத் தாவவிட்டு, அங்கிருந்து உள்நோக்கித் தேடச் சொல்லுங்கள். நடுவிலிருந்து சிறிது சிறிதாக நகர்ந்தால் பாதி வழியிலேயே நின்றுவிடுவார். தலை மட்டும் திரும்பிக் கண் பின்தங்குவதும் வழக்கமான பிழை. தினமும் இரண்டு முறை, 10 முதல் 15 நிமிடம் போதும். களைத்த பிறகு செய்வது வீண். கவனக் குறைவு உள்ளவருக்கு "இடப்பக்கம் பாருங்க" என்று சொல்லிப் பயனில்லை. தாளின் இடது ஓரத்தில் சிவப்பு டேப் ஒட்டி, "சிவப்பு தெரியும்வரை போங்க" என்று சொல்ல வேண்டும். சாப்பாட்டின் பாதியில் இலையையோ தட்டையோ திருப்பி வையுங்கள். சூடான தே தாரிக் தேநீரை மறைந்த பக்கத்தில் ஒருபோதும் வைக்காதீர்கள். அந்தப் பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்து பேசுங்கள்.

வெளியே போகும்போது மறைந்த பக்கத்தில் துணை நடக்க வேண்டும். ஜார்ஜ் டவுனின் ஐந்தடி நடைபாதைகளில் தூணும் படியும் நிறுத்திய மோட்டார் சைக்கிளும் மாறி மாறி வரும். நம் நாட்டில் வண்டிகள் இடப்பக்கம் ஓடுவதால், இருவழிச் சாலையைக் கடக்கும்போது முதலில் ஆபத்து வலமிருந்து, நடுக்கோட்டைத் தாண்டியதும் இடமிருந்து. வலப்பாதி போனவர் கால் எடுத்து வைக்கும் முன்பே தலையை முழுதாக வலப்பக்கம் திருப்ப வேண்டும். இடப்பாதி போனவருக்குச் சாலையின் இரண்டாம் பாதிதான் கண்டம். எந்தெந்தப் பக்கம் தெரிகிறது என்று அளக்கும் பார்வைப் புலச் சோதனை முடிந்து மருத்துவர் அனுமதிக்கும்வரை காரும் மோட்டார் சைக்கிளும் ஓட்டக் கூடாது.

சிலருக்கு மறைந்த பகுதியில் முகங்களோ கோலம் போன்ற வடிவங்களோ தோன்றலாம். காட்சி வராத மூளை தானே உருவாக்குவது அது. பேய் என்றோ பைத்தியம் என்றோ சொல்லி அவரை வாயடைக்காதீர்கள். வலிப்பாலும் இப்படி வரலாம் என்பதால் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

தானாகத் திரும்பும் பார்வை பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களில் திரும்பும். அதனால் பார்வைப் புலச் சோதனையை ஆரம்பத்தில் ஒருமுறையும், மூன்று மாதம் கழித்து ஒருமுறையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.