முடியை இழுக்கும் கிளிப்பர்: பிளேடைக் கழற்றிப் பார்த்துச் சரிசெய்வது எப்படி?

பிடரியில் மெஷின் ஏறும்போது சுருக்கென்று ஒரு முடி இழுபடும். நாற்காலியில் இருப்பவர் தோளைக் குறுக்கிக்கொள்வார். "பிளேடு மழுங்கிவிட்டது, புதிதுதான் போட வேண்டும்" என்பார் முடிதிருத்துபவர். என் மேசைக்கு வரும் கிளிப்பர்களில் பெரும்பாலானவை இந்தத் தீர்ப்போடுதான் வருகின்றன. கழற்றிப் பார்த்தால் பதம் நன்றாகவே இருக்கும். கெட்டுப்போயிருப்பது இரண்டு பிளேடுகளுக்கும் இடையிலான பொருத்தம்தான். அதைச் சரிசெய்ய அரை மணி நேரம் போதும். ஆனால் எதை, ஏன் சரிசெய்கிறோம் என்று தெரியாமல் திருகைக் கழற்றினால் நல்ல பிளேடும் வீணாகும். அதனால் காரணத்தையும் சேர்த்தே சொல்லிக்கொண்டு போகிறேன்.

இங்கே நான் எடுத்துக்கொள்வது நேரடியாக மின்சாரத்தில் ஓடும், காந்தச்சுருள் வகைக் கிளிப்பர். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் உள்ள ஸ்டெர்லிங் ஊரைச் சேர்ந்த லியோ வால், 1919 அக்டோபர் 14 அன்று காப்புரிமைக்கு விண்ணப்பித்த கருவியின் வழிவந்தது இது. சலூன்களில் கனமாக, உறுமிக்கொண்டு ஓடுமே, அதுதான். சார்ஜ் செய்யும் ட்ரிம்மர்களில் மோட்டார் வேறு, ஆனால் பிளேடின் கணக்கு ஒன்றேதான்.

தேவையானவை: பொருத்தமான திருப்புளி, பழைய பல் துலக்கும் பிரஷ், வெள்ளைத் துணி, கிளிப்பர் எண்ணெய், ஓர் இரும்பு அளவுகோல், நல்ல வெளிச்சம்.

முதல் படி: பிளக்கை எடுத்துவிட்டுக் கழற்றுங்கள்

சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்கிவிடுங்கள். வெள்ளைத் துணியை விரித்து அதன்மேல் வேலை செய்யுங்கள். கறுப்புத் திருகு தரையில் விழுந்தால் முடிக்குவியலில் தேட வேண்டியிருக்கும்.

தோலைத் தொடும் பக்கத்தில் இரண்டு திருகுகள் இருக்கும். அவற்றைக் கழற்றினால் கீழ்ப் பிளேடு கையோடு வரும். இது நகராதது. அதன்மேல் உட்கார்ந்து இடமும் வலமும் ஓடுவது மேல் பிளேடு. சில கிளிப்பர்களில் அதை அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங் தெறித்து ஓடும், அதனால் விரலால் மூடிக்கொண்டே எடுங்கள். கழற்றுவதற்கு முன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் திரும்பப் பூட்டும்போது எந்தப் பக்கம் எது என்ற குழப்பம் வராது.

இரண்டாம் படி: சுத்தம் செய்யும்போதே பாருங்கள்

பற்களின் அடியில் சாம்பல் நிறத்தில் ஏதோ இறுகிப்போய் அடைத்திருக்கும். முடித்தூள், பொடுகு, பழைய எண்ணெய், கழுத்தில் தட்டிய பவுடர் எல்லாம் சேர்ந்து பிசைந்த மாவு அது. மேல் பிளேடைத் துளித் துளியாகத் தூக்கி, இரண்டுக்கும் நடுவே இடைவெளி உண்டாக்குவது இதுதான். முடி இழுபடுவதற்கு முதல் காரணமும் இதுவே. பிரஷால் பல்லின் திசையிலேயே தேயுங்கள். பல்லிடுக்கில் ஊசி, குண்டூசி எதையும் விடாதீர்கள், விளிம்பில் கீறல் விழும்.

சுத்தமானதும் கீழ்ப் பிளேடைப் பக்கவாட்டில் திருப்பி வெளிச்சத்தில் பாருங்கள். பல்லின் நுனி மெல்லியதாகத் தொடங்கி, பின்னால் போகப் போக ஆப்பு போலத் தடித்துக்கொண்டே போகும். கிளிப்பரின் மிக அழகான விஷயம் இதுதான் என்பேன். முடி எவ்வளவு நீளம் மிஞ்சும் என்பதை முடிவு செய்வது மேல் பிளேடு அல்ல, தலைக்கும் வெட்டு விழும் இடத்துக்கும் நடுவே நிற்கிற இந்த இரும்பின் தடிமன்தான். பக்கவாட்டில் இருக்கும் நெம்புகோலைத் தள்ளும்போது இரு பிளேடு முனைகளுக்கும் உள்ள தூரம் மாறுகிறது. வெட்டு பின்னால் தள்ளி, தடித்த இடத்தில் விழுந்தால் முடி கூடுதலாக மிஞ்சும். முன்னால் மெல்லிய இடத்தில் விழுந்தால் ஒட்ட வெட்டும். ஓர் ஆப்பின்மேல் முன்னும் பின்னும் நகர்வதுதான் முழு ரகசியமும்.

மேலே மாட்டும் பிளாஸ்டிக் சீப்புகளும் இதே வேலையைத்தான் செய்கின்றன. தடிமனைக் கூட்டுகின்றன, அவ்வளவே. "நம்பர் டூ போடுங்கள்" என்று கேட்கிறோமே, அதில் ஒவ்வோர் எண்ணும் ஓர் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. 1 என்றால் சுமார் 3 மில்லிமீட்டர், 2 என்றால் 6, 4 என்றால் 13, 8 என்றால் 25.

அடுத்து பல்லின் வடிவம். கீழ்ப் பிளேடின் நுனி உருண்டையாக மழுக்கப்பட்டிருக்கும். அது தோலில் வழுக்கிப் போக வேண்டும், முடிக்கற்றையைப் பிரித்து உள்ளே அனுப்ப வேண்டும், குத்தக் கூடாது. மேல் பிளேடின் பற்களில் பக்க விளிம்புகள்தான் கத்தி. இரண்டும் குறுக்கே கடக்கும் இடத்தில் ஒரு சிறு கத்தரிக்கோல் உண்டாகிறது. இடப்பக்கம் போகும்போது ஒன்று, வலப்பக்கம் திரும்பும்போது இன்னொன்று. அந்தக் கத்தரியின் வாய் அளவுக்கு மீறி அகன்றிருந்தால் முடி வெட்டுப்படாமல் முன்னால் வழுக்கி வெளியே ஓடிவிடும். தடித்த கயிற்றைக் கத்தரிக்கோலால் வெட்டும்போது அது நுனியை நோக்கி நழுவுவதைப் பார்த்திருப்பீர்கள். அதனால்தான் பல்லின் சாய்வைத் தயாரிப்பாளர் அவ்வளவு கவனமாக வைக்கிறார்.

டெல்டா வயல்களில் நெல் அறுக்கும் இயந்திரத்தின் முன்புறத்தைக் குனிந்து பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. அங்கேயும் நகராத விரல்கள் வரிசையாக நிற்கும், அவற்றினூடே முக்கோணக் கத்திகள் போய் வரும். நெல்தாள் தடிமன், முடி மெல்லியது. வேறுபாடு அவ்வளவுதான்.

மூன்றாம் படி: வெளிச்சச் சோதனை

இந்தப் படியை மட்டும் அவசரமில்லாமல் செய்யுங்கள்.

கீழ்ப் பிளேடின் பளபளக்கும் முகத்தில், அதாவது மேல் பிளேடு உரசும் பக்கத்தில், அளவுகோலின் விளிம்பை நிறுத்துங்கள். பல்லிலிருந்து பின்பக்கம் வரை, பல்லின் திசையிலேயே நிற்க வேண்டும். ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே கண்ணருகில் தூக்கிப் பிடியுங்கள். நடுவில் ஒரு வெளிச்சக் கோடு தெரியும். பல் பகுதியும், பின்புறத்தில் தண்டவாளம் போல நீளும் மேடும்தான் அளவுகோலைத் தொடும், நடுப்பகுதி தொடாது. மேல் பிளேடையும் இப்படியே பாருங்கள், அதிலும் நடுப்பகுதி உள்வாங்கியிருக்கும்.

இது தேய்மானம் அல்ல, வேண்டுமென்றே குடைந்தது. முழு முகமும் தட்டையாக ஒட்டிக்கொண்டால் ஸ்பிரிங்கின் அழுத்தம் எல்லா இடத்திலும் பரவி வீணாகும், உரசலும் சூடும் கூடும். நடுவைக் குடைந்துவிட்டால் அழுத்தம் முழுவதும் வெட்டு நடக்கும் பல் வரிசையில் போய்க் குவியும். மனித முடியின் தடிமன் 0.05 முதல் 0.1 மில்லிமீட்டர் வரைதான். விளிம்புகளுக்கு நடுவே அதை நெருங்கும் இடைவெளி விழுந்தாலே முடி வெட்டுப்படாமல் மடிந்து உள்ளே நுழைந்துவிடும். நுழைந்த முடியை இரண்டு இரும்பும் கவ்விக்கொள்ளும், கை முன்னே நகரும், முடி வேரோடு இழுபடும். ஆணி தளர்ந்த தையல் கத்தரியில் துணி வெட்டுப்படாமல் மடங்குவதும் இதே காரணத்தால்தான். அங்கே கத்தரியைச் சாணை பிடித்து என்ன பயன்? ஆணியை இறுக்கினால் வெட்டும்.

தொடக்கத்தில் இது எனக்குத் தெரியாது. மழுங்கியதாக நினைத்த ஒரு பிளேடை, கண்ணாடிமேல் உப்புத்தாளை ஒட்டி, அரை மணி நேரம் தேய்த்தேன். முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளத்தது. பூட்டி ஓட்டினால் முன்பைவிட மோசமாக இழுத்தது, இரண்டே நிமிடத்தில் கையை வைக்க முடியாத சூடு. குடைவை நானே தேய்த்து அழித்திருந்தேன். முறையாகச் சாணை பிடிப்பவர்கள் பயன்படுத்தும் சுழல்தட்டு சமதளமாக இருக்காது. கண்ணுக்குத் தெரியாத அளவு குவிந்திருக்கும், அந்தக் குவிவுதான் பிளேடில் குடைவாகப் பதிகிறது. அதனால் உப்புத்தாள், தரை, அம்மிக்கல் எதிலும் பிளேடின் முகத்தைத் தேய்க்காதீர்கள். இந்தக் கட்டுரையிலிருந்து ஒன்றே ஒன்றை நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்.

நான்காம் படி: பூட்டி நேர்கோட்டில் நிறுத்துதல்

நெம்புகோலை மிக ஒட்ட வெட்டும் நிலையில் வையுங்கள். மேல் பிளேடை அதன் இடத்தில் உட்காரவைத்து, கீழ்ப் பிளேடை மாட்டி, இரண்டு திருகுகளையும் பாதி இறுக்குங்கள். கீழ்ப் பிளேடு விரலால் தள்ளினால் நகர வேண்டும், தானாக நழுவக் கூடாது.

இப்போது மூன்று விஷயங்களைப் பாருங்கள். இரண்டு பல் வரிசைகளும் இணையாக இருக்க வேண்டும். ஒரு முனை முன்னும் மறு முனை பின்னுமாக இருந்தால், ஒரு பக்கம் ஒட்டவும் மறு பக்கம் நீளமாகவும் வெட்டும். அடுத்து, மேல் பிளேடின் நுனிகள் கீழ்ப் பிளேடின் நுனிகளைவிட ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் பின்தள்ளி நிற்க வேண்டும், அதாவது ஏ.டி.எம். அட்டையின் தடிமனைவிடச் சற்றுக் கூடுதல். கடைசியாக, மேல் பிளேடு இடமும் வலமும் ஓடும்போது அதன் ஓரப் பல் கீழ்ப் பிளேட்டைத் தாண்டி வெளியே நீட்டக் கூடாது. நீட்டினால் காது மடலில்தான் முதல் வெட்டு விழும்.

இளைஞர்கள் இந்த இடைவெளியைச் சுத்தமாக இல்லாமல் ஆக்கி, நுனியோடு நுனி ஒட்டவைக்கிறார்கள். 'ஜீரோ கேப்' என்று அதற்குப் பெயர். அழுத்தும்போது தோல் பல்லிடுக்கில் பிதுங்கும். நுனிகளுக்கு இடையே இருக்கும் அந்தச் சிறு தூரம்தான் பிதுங்கிய தோலை ஓடும் பல்லிடமிருந்து காக்கிறது. தொடக்க நிலையில் இருப்பவர்கள் இதைச் செய்யவே வேண்டாம். இரத்தம் வந்தால் அது அந்த ஒருவரோடு நிற்பதில்லை, அதே பிளேடு அடுத்தவர் கழுத்துக்கும் போகிறது.

சரியாக நின்றதும் இரண்டு திருகுகளையும் மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு மற்றதைத் தொட்டால் பிளேடு திரும்பிவிடும்.

ஐந்தாம் படி: எண்ணெய்

பல் வரிசையில் மூன்று துளி, இரண்டு ஓரங்களிலும் ஒவ்வொரு துளி. பிளக்கைச் செருகிப் பத்து நொடி ஓடவிட்டு, மிஞ்சியதைத் துடைத்துவிடுங்கள். தையல் இயந்திர எண்ணெய் போன்ற மெல்லிய கனிம எண்ணெயாக இருக்கலாம். வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். சுமார் 24 டிகிரிக்குக் கீழே அது உறையும், நாளடைவில் பிசினாகி நாம் சற்றுமுன் சுரண்டி எடுத்த மாவுக்கு அடிப்போடும். மண்ணெண்ணெயும் வேண்டாம். கிருமிநாசினித் தெளிப்பான் பயன்படுத்துகிறவர்கள் ஒவ்வொரு முறையும் அதன் பிறகு ஒரு துளி எண்ணெய் விட வேண்டும், ஏனென்றால் அது பழைய எண்ணெயைக் கழுவிக்கொண்டு போய்விடுகிறது.

ஆறாம் படி: ஒலியைக் கேட்டுத் திருகுதல்

நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஒவ்வொரு சுற்றிலும் காந்தச்சுருள் இரண்டு முறை இழுக்கிறது. ஆக நொடிக்கு 100 முறை, நிமிடத்துக்கு 6000 முறை பிளேடு போய் வரும். பெட்டியில் 7200 என்று அச்சிட்டிருந்தால் அது 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள அமெரிக்காவின் கணக்கு.

வேகத்தை நாம் மாற்ற முடியாது. வீச்சை மாற்றலாம். மேல் பிளேடு ஒவ்வொரு முறையும் குறைந்தது ஒரு பல் இடைவெளி தூரமாவது நகர வேண்டும். அதற்குக் குறைந்தால் பல்லிடுக்கின் ஒரு பகுதிக்குக் கத்தி எட்டாது, வெட்டிய இடத்தில் கோடு கோடாக முடி நிற்கும். மின்னழுத்தம் குறையும் மாலை நேரங்களில் மெஷின் சோர்ந்துபோவது இதனால்தான்.

கிளிப்பரின் பக்கத்தில் ஒரு தனித் திருகு இருக்கும். ஓடவிட்டபடியே அதைத் திருப்புங்கள். ஒரு கட்டத்தில் 'கடகட'வென்று இரும்பில் இரும்பு அடிக்கும் ஓசை வரும். உடனே எதிர்த்திசையில், அந்த ஓசை அடங்கும் வரை மட்டும், மெல்லத் திருப்பி நிறுத்துங்கள். அதிகபட்ச வீச்சு கிடைக்கும் இடம் அதுதான்.

பிறகு சோதனை. வெட்டி விழுந்த முடியில் ஒரு கற்றையை எடுத்து, ஒரு நுனியை இறுகப் பிடித்துக்கொண்டு, மறு நுனியைப் பிளேடின் இடது ஓரம், நடு, வலது ஓரம் என்று மூன்று இடத்திலும் கொடுத்துப் பாருங்கள். கையில் எந்த இழுப்பும் தெரியாமல் கற்றை உதிர வேண்டும். ஓரத்தில் மட்டும் இழுத்தால் நான்காம் படிக்குத் திரும்புங்கள். மூன்று இடத்திலும் இழுத்தால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பிளேடைக் கழற்றியபின் ஸ்பிரிங்கை விரலால் அழுத்தினால் நன்றாக எதிர்த்து நிற்க வேண்டும்.

அதற்குப் பிறகும் இழுத்தால் பதம் உண்மையிலேயே போய்விட்டது. சாணைக்குக் கொடுக்கும்போது மேலும் கீழும் சேர்த்தே கொடுங்கள். இரண்டும் ஒன்றோடொன்று உரசித் தேய்ந்து பழகிய ஜோடி. ஒன்றை மட்டும் சாணை பிடித்தாலோ, வேறொரு கிளிப்பரின் மேல் பிளேடை எடுத்து இதில் மாட்டினாலோ பல்லோடு பல் சேராது.