பல்பு தெரிய வேண்டாம், வெளிச்சம் தெரியட்டும்

அலங்கார விளக்கு வாங்கும்போது வடிவத்தைத்தான் பார்க்கிறோம். அட்டையில் உள்ள கெல்வின் எண்ணையும் பாருங்கள். 2700 முதல் 3000 வரை என்றால் இதமான மஞ்சள், 6500 என்றால் பளீர் வெள்ளை. படிக்கும் மேசைக்கு வெள்ளை சரி. வரவேற்பறைக்கும் தோட்டத்துக்கும் என் ஓட்டு மஞ்சளுக்குத்தான். பூச்சித் தொல்லையும் கொஞ்சம் குறையும்.

அப்புறம், பல்பு நேராகக் கண்ணைக் குத்தக்கூடாது. எல்இடி பட்டையை அலமாரித் தட்டின் அடியில், முன்விளிம்புக்கு உட்புறமாக ஒட்டினால் வெளிச்சம் மட்டும் வழிந்து இறங்கும். ஒட்டுமுன் இடத்தைத் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். தூசிமேல் ஒட்டினால் சீக்கிரமே தொங்க ஆரம்பித்துவிடும். பட்டையை வெட்டுவதானால் கோடு போட்ட இடத்தில் மட்டும் வெட்டுங்கள். இடம் மாறினால் அந்தத் துண்டு எரியாது.

தோட்டத்தில் ஒரு மரம் போதும். அடிமரத்திலிருந்து ஓரடி தள்ளிச் சிறிய விளக்கை மேல்நோக்கிச் சாய்த்து வையுங்கள். மரப்பட்டையின் சொரசொரப்பும் கிளைகளும் நிழலோடு எழுந்து நிற்கும். செடிக்குச் செடி விளக்கு வைத்தால் கடைத்தெரு மாதிரி ஆகிவிடும்! தூசியும் நீரும் புகாமல் விளக்கு எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்வது ஐபி எண். மழை படும் இடத்துக்கு ஐபி 65 என்று குறித்தவற்றை வாங்குங்கள். ஐபி 20 வீட்டுக்குள் மட்டும்தான்.

சோலார் விளக்கு மங்கினால் உடனே தூக்கிப் போடாதீர்கள். தகட்டை ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். எரியவே இல்லையா? பக்கத்தில் தெருவிளக்கு இருக்கலாம். அந்த வெளிச்சம் பட்டால் இன்னும் பகல் என்றே நினைத்துக்கொண்டிருக்கும்.