மூன்று கட்டம், மூடிப்போன ஒரு விமான நிறுவனம்: அமெரிக்கக் குறுக்கெழுத்தில் நாம் செய்யும் தவறுகள்

மூன்றே கட்டங்கள். குறிப்பு, "பழைய விமான நிறுவனம்". நியூயார்க் டைம்ஸ் மாதிரி அமெரிக்கக் குறுக்கெழுத்துகளைப் போனில் தினமும் போடத் தொடங்கியவர்கள் இதை எப்படியும் சந்தித்திருப்பீர்கள். விடை பெரும்பாலும் டிடபிள்யூஏ, அதாவது டிரான்ஸ் வேர்ல்டு ஏர்லைன்ஸ். அந்தப் பெயரில் கடைசி விமானம் 2001 டிசம்பர் 1 அன்று கேன்சஸ் சிட்டியிலிருந்து செயின்ட் லூயிஸுக்குப் போய் இறங்கியது. அதற்குப் பிறகு பிறந்தவர்கள் கல்லூரியே முடித்துவிட்டார்கள், ஆனாலும் புதிர்களில் அந்த மூன்று எழுத்து வந்துகொண்டே இருக்கிறது.

அந்த நிறுவனத்தின் மேல் அமெரிக்கர்களுக்குப் பாசம், அதனால்தான் விடாமல் போடுகிறார்கள் என்று நினைப்பதுதான் முதல் தவறு. பாசம் கொஞ்சம் இருக்கலாம், ஆனால் உண்மையான காரணம் கட்டங்களின் அமைப்பில் இருக்கிறது. வாரநாள் புதிர் பதினைந்துக்குப் பதினைந்து, மொத்தம் 225 கட்டங்கள். அதில் மூன்று எழுத்துக்குக் குறைந்த சொல் வரக்கூடாது, சாதாரணமாக 78 சொற்களுக்கு மேல் போகக்கூடாது, ஒவ்வொரு எழுத்தும் ஒரு குறுக்குச் சொல்லிலும் ஒரு நெடுக்குச் சொல்லிலும் ஒரே நேரத்தில் பொருந்த வேண்டும். நடுவில் அழகான நீளச் சொல் ஒன்றை வைத்த புதிர்க்காரர் மூலைக்கு வரும்போது, டி-யும் டபிள்யூ-வும் ஏ-யும் வரிசையாக வந்து நின்றுவிட்டால், அந்த மூன்றையும் அந்த வரிசையில் விழுங்கக்கூடியது இந்த நிறுவனத்தின் பெயர் ஒன்றுதான். அதனால் இந்த விடை வரும் இடத்தில் புதிர்க்காரர் ஒரு நெருக்கடியைச் சமாளித்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள், சுற்றிலும் இன்னும் இரண்டு மூன்று குட்டிச் சொற்கள் இதே ஜாதியில் இருக்கும்.

சரி, விடை தெரிந்துவிட்டதே, எழுதிவிட வேண்டியதுதானே என்றால், அதுதான் இரண்டாவது தவறு. இதில்தான் நிறையப் பேர் மாட்டுகிறோம், நானும் பல தடவை மாட்டியிருக்கிறேன். மூடிப்போன விமான நிறுவனம், மூன்று எழுத்து என்றால் ஒன்று இல்லை, பல இருக்கின்றன. நார்த்வெஸ்ட் ஏர்லைன்ஸை என்டபிள்யூஏ என்று சுருக்கிப் போடுவார்கள், அது டெல்டாவோடு இணைந்து 2010-ல் பெயரை இழந்தது. கலிபோர்னியாவின் பிஎஸ்ஏ 1988-ல் யூஎஸ்ஏர் நிறுவனத்துக்குள் கரைந்தது. இதில் முதலாவதுதான் ஆபத்து. டிடபிள்யூஏ, என்டபிள்யூஏ இரண்டுக்கும் கடைசி இரண்டு எழுத்து ஒன்றே என்பதால் முதல் கட்டத்தில் தவறு விழுந்தால் மற்ற இரண்டும் சரியாகவே பொருந்திக்கொண்டு நம்மை ஏமாற்றும். அந்தக் கட்டத்திலிருந்து கீழே இறங்கும் சொல் "நாயின் பின்னால் ஆடுவது" என்றால் டெயில், "சுத்தியலால் அடிப்பது" என்றால் நெயில். இந்த ஒரு எழுத்துதான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. அதனால் டபிள்யூ-வையும் ஏ-யையும் மட்டும் எழுதிவிட்டு முதல் கட்டத்தைக் காலியாக விடுங்கள், கீழ்நோக்கிய சொல் வந்து அதை நிரப்பட்டும்.

இதைவிட மோசமான வலை ஒன்று உண்டு. டி, நடுவில் ஒரு காலிக் கட்டம், அப்புறம் ஏ. குறிப்பில் நியூயார்க் கென்னடி விமான நிலையம் என்று இருக்கிறது. கை தானாக டபிள்யூ-வைத் தட்டிவிடும். ஆனால் விடை டிஎஸ்ஏ-வாக இருக்கலாம், விமான நிலையத்தில் பெல்ட்டைக் கழற்றச் சொல்லி நம்மைச் சோதிக்கும் அமெரிக்க அரசு அமைப்பு அது. அந்த அமைப்பை உருவாக்கிய சட்டம் கையெழுத்தானது 2001 நவம்பர் 19-ல், டிடபிள்யூஏ-வின் கடைசி விமானம் அதற்குப் பன்னிரண்டு நாள் கழித்து. ஒன்று பிறந்த மாதத்தை ஒட்டியே இன்னொன்று போய்விட்டது, இரண்டும் ஒரே நிலையத்தில், ஒரே முதல் எழுத்தோடும் ஒரே கடைசி எழுத்தோடும். இதை முதன்முதலில் கவனித்த அன்று நான் புதிரை அப்படியே விட்டுவிட்டு வெகுநேரம் அந்த இரண்டு தேதிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிரித்தறிய வழி என்னவென்றால், குறிப்பில் "முன்னாள்", "ஒருகாலத்தில்", "பழைய", "மறைந்த" என்று ஏதாவது ஒரு சின்னச் சொல் இருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்கப் புதிர்களில் இந்தச் சொற்கள் அலங்காரத்துக்கு வருவதில்லை, இன்று இல்லாத ஒன்றைக் கேட்டால் அதற்கு ஒரு அடையாளம் வைத்தே கேட்பார்கள். அந்த அடையாளம் இல்லாமல் விமான நிறுவனம் கேட்டால் உயிரோடு இருப்பதைத் தேடுங்கள்: ஜப்பானின் ஏஎன்ஏ, ஸ்காண்டிநேவியாவின் எஸ்ஏஎஸ், நெதர்லாந்தின் கேஎல்எம், நான்கு கட்டமென்றால் இஸ்ரேலின் எல் அல்.

ஆனால் இந்த விதியையே கண்ணை மூடிக்கொண்டு நம்புவதும் தவறு. 2019 மே மாதம் கென்னடி நிலையத்தில் டிடபிள்யூஏ ஹோட்டல் திறந்தது, 512 அறைகள். அதனால் நிகழ்காலத்தில், எந்த "முன்னாள்" அடையாளமும் இல்லாமல், "கென்னடி நிலையத்தின் ஹோட்டல்" என்று கேட்கலாம், விடை அதே மூன்று எழுத்து. அந்தக் கட்டடம் 1962-ல் திறந்த டிடபிள்யூஏ-வின் பழைய முனையம், இறக்கை விரித்த பறவை மாதிரி கான்கிரீட்டில் வளைத்துக் கட்டியது. வெளியே பழைய லாக்ஹீட் கான்ஸ்டலேஷன் விமானம் ஒன்றை நிறுத்தி அதன் வயிற்றுக்குள்ளேயே மதுக்கூடம் வைத்திருக்கிறார்கள். வரைந்தவர் ஈரோ சாரினென். திறப்பு விழாவைப் பார்க்க அவர் இல்லை, 1961-லேயே இறந்துவிட்டார், வயது 51.

இந்த ஈரோதான் குறுக்கெழுத்தின் இன்னொரு நிரந்தரக் குடியிருப்பாளர். ஆங்கிலத்தில் நான்கு எழுத்து, அதில் மூன்று உயிரெழுத்து, இதைவிட வேறென்ன வேண்டும் ஒரு புதிர்க்காரருக்கு. இங்கே செய்யும் தவறு அப்பாவையும் மகனையும் குழப்புவது. அப்பா எலியல் சாரினெனும் பெரிய கட்டடக்கலைஞர்தான், அவர் பெயருக்கு ஐந்து கட்டம் வேண்டும், ஆக கட்டத்தை எண்ணினாலே குழப்பம் தீர்ந்துவிடும். இப்போதெல்லாம் வைஃபை கருவி என்று குறிப்புக் கொடுத்தும் ஈரோவைக் கேட்கிறார்கள், அப்படியொரு பிராண்டு இருக்கிறது, அதற்கும் இந்த மனிதரின் பெயரைத்தான் வைத்தார்கள்.

அப்புறம் ஹோவர்ட் ஹியூஸ். பணக்காரர், விமானி, சினிமாக்காரர். "ஒருகாலத்தில் ஹியூஸின் நிறுவனம்", மூன்று எழுத்து என்று வந்தால் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் டிடபிள்யூஏ என்று போடுவார்கள். 1939-லிருந்து பங்குகளை வாங்கிச் சேர்த்து நிறுவனத்தைத் தன் கைக்குள் கொண்டுவந்தவர்தான், 1960-ன் கடைசியில் பிடியை இழந்து 1966-ல் பங்குகளை 54 கோடி டாலருக்கு மேல் விற்றுவிட்டு வெளியேறினார், எல்லாம் சரி. ஆனால் அதே ஹியூஸ் 1948-ல் ஆர்கேஓ சினிமா நிறுவனத்தையும் வாங்கினார். அதுவும் மூன்று எழுத்து, அதுவும் மூடிப்போனது, அதுவும் குறுக்கெழுத்தில் அடிக்கடி வருவது. ஒரு எழுத்துகூட இரண்டுக்கும் பொதுவில்லை என்பதுதான் இதில் நிம்மதி, ஏதாவது ஒரே ஒரு நெடுக்குச் சொல் தெரிந்தாலும் உடனே தெளிந்துவிடும். அதைக்கூடப் பார்க்காமல் எழுதினால்தான் மூலை முழுக்க நாசமாகும்.

கார்ல் ஐகான் பெயர் வந்தால் அதே குழப்பம் இல்லை. 1985-ல் டிடபிள்யூஏ-வைக் கைப்பற்றியவர், தைரியமாக எழுதலாம்.

வருடக் கணக்கில் ஒரு தவறு உண்டு, அதுவும் கொஞ்சம் படித்தவர்கள் செய்வது. டிரான்ஸ் வேர்ல்டு என்ற பெயர் 1950-ல்தான் வந்தது என்று தெரிந்தவர்கள், குறிப்பில் 1930-களின் சமாச்சாரம் ஏதாவது இருந்தால் "அப்போது அந்தப் பெயரே இல்லையே" என்று சரியான விடையை அழித்துவிடுகிறார்கள். 1930-ல் இரண்டு நிறுவனங்களை இணைத்தபோது வைத்த பெயர் டிரான்ஸ்கான்டினென்டல் அண்ட் வெஸ்டர்ன் ஏர். அதன் முதலெழுத்துகளும் டி, டபிள்யூ, ஏ. பின்னால் உலகமெல்லாம், நம் பம்பாய் வரைக்கும், பறக்கத் தொடங்கியபோது எழுத்தை மாற்றாமல் விரிவை மட்டும் மாற்றிக்கொண்டார்கள். நோட்டர்டேம் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர் நூட் ராக்னி 1931 மார்ச்சில் கேன்சஸ் மாநிலத்தில் இறந்த விபத்து இந்த நிறுவனத்தின் விமானத்தில்தான் நடந்தது. விமானி லிண்ட்பெர்க் பெயரோடு சேர்த்துக் கேட்டாலும் இதே விடைதான். ஆக 1930-களும் இதற்குள் அடக்கம்.

பான் ஆம் என்ற விமான நிறுவனத்தை எழுதலாமா என்று யோசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பான் ஆம் 1991 டிசம்பர் 4-ல் நின்றது, ஆங்கிலத்தில் இரண்டு சொல்லாக எழுதினாலும் புதிரில் இடைவெளிக்குக் கட்டம் கிடையாது, ஐந்து கட்டத்தில் ஒட்டி உட்காரும். எல் அல் நான்காக வருவதும் இப்படித்தான். "1991 வரை பறந்தது" என்றால் பான் ஆம் அல்லது ஈஸ்டர்ன், "2001 வரை" என்றால் டிடபிள்யூஏ, அதுவே ஆறு கட்டமென்றால் பெல்ஜியத்தின் சபீனா.

தி இந்துவின் மறைபொருள் குறுக்கெழுத்தில் பழகி வளர்ந்தவர்களைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர்கள் திறமையே அவர்களுக்கு இடைஞ்சலாகிறது. அங்கே குறிப்பின் ஒரு பாதி நேர்ப்பொருள், மறுபாதி சொல்விளையாட்டு, "பழைய" என்று வந்தால் ஓ என்ற எழுத்தைச் சேர்க்கச் சொல்கிறாரோ என்று மூளை ஓடும். அமெரிக்கப் புதிரில் பழைய என்றால் பழையதுதான். எழுத்தை மாற்றிப்போட்டுப் பார்க்க எதுவும் இல்லை. விளையாட்டு இருந்தால் குறிப்பின் முடிவில் கேள்விக்குறி வைப்பது வழக்கம். தி இந்துவின் கட்டங்களில் பாதி எழுத்துக்கு நெடுக்குச் சொல்லே இருக்காது, அதனால் குறிப்பையே இரண்டு வழியில் சரிபார்க்கிறோம். இங்கே அந்த வேலையைக் குறுக்கே வெட்டும் சொல் செய்கிறது.

ஆனால் ஒரு தந்திரம் உண்டு, அது ஆங்கிலப் பெரிய எழுத்தில் ஒளிந்திருக்கும். குறிப்பின் முதல் சொல் எப்போதும் பெரிய எழுத்தில்தான் தொடங்கும். "அமெரிக்கன் 2001-ல் வாங்கியது" என்று இருந்தால் நாம் அமெரிக்கர் எவரோ வாங்கிய வீட்டையோ ஓவியத்தையோ தேடுவோம். அது அமெரிக்கன் ஏர்லைன்ஸ். திவாலாகிக் கிடந்த டிடபிள்யூஏ-வை வாங்கியது அவர்கள்தான். அமெரிக்கன், டெல்டா, யுனைடெட், ஈஸ்டர்ன், நான்குமே அகராதிச் சொல்லாகவும் நிறுவனப் பெயராகவும் இருப்பதால் குறிப்பின் முதல் இடத்தில் இவற்றைக் கண்டால் இரண்டு முறை படியுங்கள். கேரியர் என்ற சொல்லும் அப்படியே, நமக்கு அது டிபன் கேரியர், அவர்களுக்குப் பெரும்பாலும் விமான நிறுவனம்.

புதிர் போடுபவர்களுக்கும் சொல்ல இருக்கிறது. டிடபிள்யூஏ வைப்பது தவறில்லை, அதன் மூன்று எழுத்தில் ஒன்றை இன்னொரு ஆள் பெயரோடோ ஊர்ப் பெயரோடோ வெட்டவிடுவதுதான் தவறு. இரண்டு பெயரும் தெரியாதவர் ஊகிக்க வழியே இல்லை. 2008-ல் நியூயார்க் டைம்ஸ் புதிர் ஒன்றில் நேட்டிக் என்ற மாசசூசெட்ஸ் ஊரும் ஓவியர் என்.சி. வையெத்தின் பெயரும் ஒரே எழுத்தில் வெட்டிக்கொண்டன, அன்றிலிருந்து இப்படிப்பட்ட கட்டத்துக்கு நேட்டிக் என்றே பெயர் வந்துவிட்டது. இன்றைக்கு இருபது வயதுக்காரருக்கு டிடபிள்யூஏ ஒரு நேட்டிக் தான். அவர் விமானத்தைப் பார்த்ததில்லை, ஆனால் ஹோட்டலைக் கேள்விப்பட்டிருப்பார். "பழைய விமான நிறுவனம்" என்று இரண்டு சொல்லில் முடித்துவிடாமல் சாரினெனையோ ஹியூஸையோ ராக்னியையோ குறிப்பில் கொண்டுவாருங்கள், தெரியாதவரும் அன்று ஒன்றைத் தெரிந்துகொண்டு போவார்.

அப்புறம் இதை அப்படியே தமிழ்க் குறுக்கெழுத்துக்குக் கொண்டுவர நினைக்காதீர்கள். ஆங்கிலத்தில் சின்னதாக இருப்பதுதான் அதன் பலம், தமிழில் டி, ட, பி, ள், யூ, ஏ என்று ஆறு கட்டம் பிடிக்கும். எல்லா எழுத்தையும் வெட்டும் அமெரிக்க அமைப்பில் போட முயன்றால், நான்காவது கட்டத்தில் இருக்கும் ள்-இல் தொடங்கும் சொல் தமிழில் கிடையாது, ஆக அது அருள், பொருள், இருள் மாதிரி ஏதாவது ஒன்றின் முடிவாகவோ பள்ளி மாதிரி ஒன்றின் நடுவாகவோ மேலிருந்து இறங்கி வர வேண்டும். அதே வரிசையின் கடைசியில் இருக்கும் ஏ சொல்லுக்கு நடுவில் வராது, அது ஏலம், ஏற்றம் என்று அங்கிருந்தே கீழே தொடங்க வேண்டும்.