ஓசிடி: அடையாளம் காண்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேசையை ஒழுங்காக அடுக்கி வைப்பவரைப் பார்த்து "இவருக்கு ஓசிடி" என்று சிரிப்பதில் தொடங்குகிறது முதல் தவறு. சுத்தம் பிடிப்பது ஒரு குணம், அவ்வளவுதான். ஓசிடி என்பது, வேண்டாத எண்ணங்கள் விடாமல் வந்து, அவற்றை அடக்க ஒரே செய்கையைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் மனநோய். அது உள்ளவருக்குத் தான் செய்வது பிடிப்பதே இல்லை; செய்யாவிட்டால் ஏதோ விபரீதம் நடந்துவிடும் என்ற பதைப்பில் செய்கிறார். கதவைப் பூட்டியது தெரியும், ஆனாலும் மனம் ஒப்பாது. இந்த எண்ணங்களும் செய்கைகளும் நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விழுங்கினாலோ, வேலையையும் உறவையும் குலைத்தாலோதான் மருத்துவர்கள் அதை நோய் என்கிறார்கள். கிளம்பும்போது பூட்டை இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பவர்கள் பயப்பட வேண்டாம்.

கை கழுவுவதை மட்டுமே தேடுவது அடுத்த தவறு. வெளியே எதுவும் தெரியாத ஓசிடியும் உண்டு: மனத்துக்குள் எண்ணிக்கொண்டே இருப்பது, நடந்ததை ஓயாமல் ஓட்டிப் பார்ப்பது. கைக்குழந்தையை வைத்திருக்கும் தாய்க்கு 'நானே இதற்குக் கெடுதல் செய்துவிடுவேனோ' என்ற எண்ணம் திடீரென வரும். அது அவருடைய ஆசை அல்ல. அதனால்தான் அப்படி நடுங்குகிறார். வெட்கத்தில் வருடக்கணக்காக வாய் திறக்காதவர்கள் இவர்கள்தான். இத்தகைய வேண்டாத எண்ணங்கள் நோயில்லாத பெரும்பாலோருக்கும் வருவதை உளவியலாளர்கள் ராக்மனும் டி சில்வாவும் 1978-லேயே காட்டினார்கள். எண்ணம் வருவதல்ல, அதற்கு அர்த்தம் கற்பித்து அதை ஒழிக்கப் போராடுவதுதான் சிக்கல்.

அன்பான வீடுகளில் நடக்கும் தவறு வேறு. "அடுப்பை அணைச்சாச்சா?" என்று ஓசிடி உள்ளவர் கேட்டால், "அணைச்சாச்சு, நானே பார்த்தேன்" என்கிறோம். சற்று நேரம் நிம்மதி, அப்புறம் அதே கேள்வி. ஒவ்வொரு பதிலும் சந்தேகத்துக்குத் தீனி. அதற்காக ஒரே நாளில் பதிலை நிறுத்திவிடுவதும் கொடுமை. சிகிச்சையாளரோடு பேசி, சம்பந்தப்பட்டவரின் சம்மதத்தோடு படிப்படியாகக் குறைக்க வேண்டும். "கேட்காமல் இருப்பது கஷ்டம்தான், கூட இருக்கிறேன்" என்று சொல்லலாம்.

"யோசிக்காதே, விட்டுவிடு" என்பது வீண் அறிவுரை. விடத் தெரிந்தால் அவர் எப்போதோ விட்டிருப்பார். பயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எதிர்கொண்டு, பதிலுக்கு வழக்கமான செய்கையைச் செய்யாமல் இருக்கப் பழக்கும் சிகிச்சை பலன் தருகிறது. உளவியலாளர் விக்டர் மேயர் 1966-இல் தொடங்கிவைத்த வழி இது. மருந்து கொடுத்தால் இரண்டு வாரத்தில் "கேட்கவில்லை" என்று நிறுத்துகிறார்கள். ஓசிடிக்கு மருந்து வேலை செய்ய 8 முதல் 12 வாரம் வரை ஆகலாம்.

மருத்துவரிடம் போகும்போது 'படபடப்பு' என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். எந்த எண்ணம், எவ்வளவு நேரம், எதையெல்லாம் தவிர்க்கிறீர்கள் என்று சொல்லுங்கள். வாயால் சொல்லக் கூசினால் எழுதிக் கொடுங்கள்.