முர்கட்ராய்ட்: ஓர் அரிய ஆங்கிலக் குடும்பப்பெயரை அதன் சொந்த ஊர்வரை தேடிச் செல்வது எப்படி?

ஆங்கிலக் குடும்பப்பெயர் ஒன்றின் பூர்வீகத்தைத் தேடப் புறப்படுகிறவர்கள் எடுத்த எடுப்பில் அகராதியைத் திறந்துவிடுகிறார்கள். பெயரின் பொருள் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். தயவுசெய்து அப்படித் தொடங்காதீர்கள். முதலில் ஊர், பிறகுதான் பொருள். இந்த வரிசையை மாற்றினால் பெயர் நம்மை எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போய்விடும்.

பழகுவதற்கு அரிய பெயரே ஏற்றது. ஸ்மித் என்றால் கொல்லர். இங்கிலாந்தில் கொல்லர் இல்லாத ஊர் ஏது? ஆகவே அந்தப் பெயர் நூற்றுக்கணக்கான இடங்களில் தனித்தனியாகப் பிறந்தது. அதன் ஊற்றைத் தேடுவது, கடற்கரையில் நின்று ஒரு குறிப்பிட்ட ஆற்றின் தண்ணீரைத் தேடுவதற்குச் சமம். அரிய பெயரோ பல சமயங்களில் ஒரே ஊரில், ஒரே குடும்பத்தில் தொடங்கியிருக்கும். இந்தப் பாடத்துக்கு நான் எடுத்துக்கொண்டிருக்கும் பெயர் முர்கட்ராய்ட். வாய் நிறைய உச்சரிக்க வேண்டிய பெயர். கற்றுக்கொள்வதற்கும் இதைவிட நல்ல பெயர் எனக்குத் தெரியாது.

படி 1: எழுத்து வேறுபாடுகளைத் திரட்டுங்கள்

ஒரு தாளில் அந்தப் பெயர் எப்படியெல்லாம் எழுதப்பட்டிருக்கக்கூடும் என்று எழுதிப் பாருங்கள். முர்கட்ராய்ட், மெர்கட்ராய்ட், மோர்கட்ராய்ட், முர்கிட்ராய்ட். பெயருக்குரியவருக்குப் பெரும்பாலும் எழுதப் படிக்கத் தெரியாது. பாதிரியாரோ எழுத்தரோ காதில் விழுந்ததை எழுதினார். அவர் எழுதியதை நூறாண்டு கழித்து இன்னொருவர் படித்துக் கணினியில் ஏற்றினார். இரண்டு இடத்திலும் பிழை நேரும்.

ஒன்றைக் கவனியுங்கள். உயிரெழுத்துகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. எம், ஆர், ஜி, டி, ஆர், டி என்ற மெய்யெழுத்து வரிசை மட்டும் அசையாமல் நிற்கிறது. பெரும்பாலான தேடல் தளங்களில் தெரியாத எழுத்துக்குப் பதிலாக நட்சத்திரக் குறி போடலாம். உயிரெழுத்து வரும் இடங்களில் எல்லாம் நட்சத்திரத்தைப் போட்டுத் தேடினால், ஒரே தேடலில் இத்தனை வடிவங்களும் கிடைத்துவிடும்.

படி 2: 1881ஆம் ஆண்டின் வரைபடம்

பிரிட்டனில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1801இல் தொடங்கினாலும், நாடு முழுவதும் ஒவ்வொருவர் பெயரையும் முறையாகக் குறித்தது 1841இல்தான். 1851 முதல் பிறந்த ஊரும் சேர்ந்தது. இவற்றில் நாம் முதலில் பார்க்க வேண்டியது 1881ஆம் ஆண்டுக் கணக்கு. அது முழுவதையும் தன்னார்வலர்கள் கையால் பெயர்த்தெழுதியிருக்கிறார்கள். ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசமாகத் தேடலாம். பெயர்ப் பரவலைக் காட்டும் வரைபடங்கள் பலவும் இதையே அடிப்படையாகக் கொண்டவை. ரயிலும் ஆலைகளும் மக்களைக் கலைத்துப்போட்டுக்கொண்டிருந்த காலம்தான். ஆனாலும் பெரும்பாலான அரிய பெயர்கள் அப்போதும் பிறந்த மண்ணை விட்டு வெகுதூரம் போய்விடவில்லை.

ஆட்களின் எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீர்கள். மக்கள்தொகையில் அவர்கள் எத்தனை பங்கு என்று பாருங்கள். விளக்கத்துக்காக ஒரு கற்பனைக் கணக்கு: ஒரு பெயருக்கு லண்டனில் 60 பேர், ஒரு மலைப் பகுதி மாவட்டத்தில் 50 பேர். லண்டன்தான் சொந்த ஊர் என்று தோன்றும். ஆனால் 1881இல் லண்டனின் மக்கள்தொகை சுமார் 38 லட்சம். அந்த மாவட்டத்தில் ஒரு லட்சம் பேர் என்று வைத்துக்கொள்வோம். மலை மாவட்டத்தில் லட்சத்துக்கு 50 பேர். லண்டனில் லட்சத்துக்கு இரண்டு பேர்கூட இல்லை. லண்டன் எல்லாப் பெயர்களையும் இழுத்து வைத்திருக்கும் நகரம். அதைக் கழித்துவிட்டே பார்க்க வேண்டும்.

முர்கட்ராய்டை இப்படிப் பார்த்தால் விடை பளிச்சென்று தெரியும். யார்க்ஷயரின் வெஸ்ட் ரைடிங் பகுதி, அதிலும் ஹாலிஃபாக்ஸைச் சுற்றிய மலைச் சரிவுகள். அடுத்தபடியாக பென்னைன் மலைக்கு அந்தப் பக்கம் உள்ள லங்காஷயர். தெற்கு இங்கிலாந்து ஏறத்தாழ வெறுமையாகக் கிடக்கிறது.

படி 3: 1837 வரை பின்னோக்கி நடங்கள்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றை அரசே பதிவு செய்யும் முறை 1837 ஜூலை 1 அன்று தொடங்கியது. அதன் அட்டவணைகளைத் தன்னார்வலர்கள் ஃப்ரீபிஎம்டி தளத்தில் ஏற்றியிருக்கிறார்கள். ஆண்டு நான்கு காலாண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு காலாண்டும் அதன் கடைசி மாதத்தின் பெயரால் வழங்கும். மார்ச் காலாண்டு என்றிருந்தால் ஜனவரியிலும் பிறந்திருக்கலாம். டிசம்பர் கடைசியில் பிறந்து தாமதமாகப் பதிவாகியும் இருக்கலாம்.

முதல் இருபது ஆண்டுகளின் பதிவுகளைப் பதிவு மாவட்டம் வாரியாக எண்ணி ஒரு தாளில் குறியுங்கள். 1881 வரைபடமும் இந்தத் தாளும் ஒரே இடத்தைக் காட்டினால் நீங்கள் சரியான வழியில் இருக்கிறீர்கள். காட்டாவிட்டால் இடையில் ஒரு குடும்பம் இடம்பெயர்ந்து பெருகியிருக்கிறது. அப்போது பழைய கணக்கை நம்புங்கள்.

படி 4: பங்குப் பதிவேடுகளும் வரிப் பட்டியல்களும்

1538இல் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல், ஒவ்வொரு பங்கும் (ஒரு தேவாலயத்தின் கீழ் வரும் ஊர்ப்பகுதி) ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைக் குறித்து வைக்க வேண்டும் என்று உத்தரவிட்டார். அந்த ஏடுகளில் எவ்வளவோ அழிந்துவிட்டன. இருப்பவை நமக்குப் பொக்கிஷம். 1733 வரை பல ஏடுகள் லத்தீனில் இருப்பதைக் கண்டு அஞ்ச வேண்டாம். ஜானை ஜொஹானஸ் என்றும் வில்லியமை குலியெல்முஸ் என்றும் எழுதியிருப்பார்கள். குடும்பப்பெயரை மட்டும் பெரும்பாலும் அப்படியே விட்டிருப்பார்கள்.

ஹாலிஃபாக்ஸ் பகுதியில் தேடுகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. அது அரசுத் திருச்சபையிலிருந்து விலகி நின்றவர்கள் நிறைந்த மண். பக்கத்து ஹெப்டன்ஸ்டாலில் 1764இல் கட்டிய எண்கோண வடிவ மெதடிஸ்ட் ஆலயம் இன்றும் இருக்கிறது. ஒரு குடும்பம் பங்கு ஏட்டிலிருந்து திடீரென்று மறைந்தால், அது ஊரைவிட்டுப் போய்விட்டது என்று முடிவு கட்டாமல் இப்படிப்பட்ட சபைகளின் ஏடுகளையும் பாருங்கள்.

வரிப் பட்டியல்களில் இரண்டு முக்கியம். 1662 முதல் 1689 வரை இருந்த அடுப்பு வரி முதலாவது. ஒரு கணப்படுப்புக்கு ஆண்டுக்கு இரண்டு ஷில்லிங். பெயரோடு அடுப்பு எண்ணிக்கையும் இருப்பதால் அந்த வீட்டின் வசதியும் தெரிந்துவிடும். இரண்டாவது, 1377, 1379, 1381 ஆகிய ஆண்டுகளின் தலைவரி. மூன்றாவது முறை விதித்தபோது மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். நமக்கு வேண்டியது 1379ஆம் ஆண்டுப் பட்டியல். வெஸ்ட் ரைடிங்கின் பட்டியல் நன்றாகவே தப்பிப் பிழைத்திருக்கிறது. 16 வயதைக் கடந்தவர்களை ஊர் ஊராக எழுதியிருக்கிறார்கள். குடும்பப்பெயர்கள் நிலைபெற்றுக்கொண்டிருந்த தறுவாயில் எடுத்த நிழற்படம்போல எனக்கு அது தோன்றும்.

படி 5: முதல் மனிதரைக் கண்டுபிடித்தல்

எல்லாப் பெயர்களுக்கும் இந்தப் பாக்கியம் கிடைக்காது. முர்கட்ராய்டுக்குக் கிடைத்திருக்கிறது. 1371இல் ஹாலிஃபாக்ஸுக்கு மேற்கே உள்ள வார்லியில் கான்ஸ்டபிளாக நியமிக்கப்பட்டவரின் பெயர் ஜொஹானஸ் டி மோர்கடெராய்ட் என்று பதிவாகியிருக்கிறது. கான்ஸ்டபிள் என்றால் இன்றைய போலீஸ்காரர் அல்லர். ஊரில் அமைதி காக்கும் பொறுப்பை ஏற்ற உள்ளூர்க்காரர்.

இதில் நம் கண் நிற்க வேண்டிய இடம் ‘டி’ என்ற சிறு சொல். ‘அந்த இடத்தைச் சேர்ந்த’ என்று பொருள். ஆக மோர்கடெராய்ட் அப்போது ஓர் இடத்தின் பெயர். பிற்காலத்தில் ‘டி’ உதிர்ந்துபோய் இடத்தின் பெயர் மட்டும் குடும்பத்தோடு ஒட்டிக்கொண்டது. ஊர்ப்பெயரைத் தலைப்பெழுத்தாகச் சுமக்கும் நமக்கு இது உடனே புரியும்.

இவ்வளவு பழைய பதிவுகளுக்கு மேனர் நீதிமன்றச் சுருள்களைத் தேட வேண்டும். மேனர் என்றால் ஒரு பிரபுவின் உரிமையில் இருந்த நிலப்பகுதி. அதன் நீதிமன்றக் குறிப்புகளே இந்தச் சுருள்கள். ஹாலிஃபாக்ஸை ஒட்டிய மேல் கால்டர் பள்ளத்தாக்கின் பெரும்பகுதி வேக்ஃபீல்டு மேனரின் கீழ் இருந்தது. அந்த மேனரின் சுருள்கள் 1274 முதல் 1925 வரை நீள்கின்றன. நிலம் கைமாறியது, மாடு பயிரை மேய்ந்தது, அண்டை வீட்டார் அடித்துக்கொண்டது என ஓர் ஊரின் வாழ்க்கையே அவற்றில் கிடக்கிறது. பல தொகுதிகள் ஆங்கில மொழிபெயர்ப்போடு அச்சாகியுள்ளன.

படி 6: இப்போது பொருளைப் பாருங்கள்

ஊர் தெரிந்துவிட்டது. இனி அகராதியைத் திறக்கலாம். இவ்வளவு நேரம் காத்திருந்ததன் பலன் இங்கேதான் தெரியும்.

பெயரின் எழுத்தை மட்டும் பார்த்து மூர், கேட், ராய்ட் என்று பிரித்தவர்களும் உண்டு. மூர் என்றால் புதர் மண்டிய மேட்டு நிலம். வட இங்கிலாந்தில் கேட் என்றால் வழி. ‘மேட்டு நிலத்துக்குப் போகும் வழியில் உள்ள திருத்திய நிலம்’ என்று அழகாகத்தான் வருகிறது. ஆனால் இன்றைய பெயராய்வாளர்கள் ஏற்கும் விளக்கம் வேறு. முன்பாதியில் இருப்பது மார்கரெட் என்ற பெண்ணின் பெயர். முர்கட்ராய்ட் என்பது மார்கரெட்டின் திருத்து நிலம்.

பின்பாதிதான் இந்தப் பெயரை மண்ணோடு கட்டிப்போடுகிறது. பழைய ஆங்கிலத்தில் காட்டை வெட்டித் திருத்திய நிலத்துக்கு ‘ரோட்’ என்று ஒரு சொல் இருந்தது. நம்மிடம் காடுவெட்டி என்று ஊர்ப்பெயர் இல்லையா, அதே மாதிரி. வெஸ்ட் ரைடிங்கின் தென்மேற்கு வட்டாரப் பேச்சில் நெடில் ஓகாரம் ‘ஆய்’ போல ஒலிக்கும். நிலக்கரியைக் குறிக்கும் ‘கோல்’ அங்கே ‘காயில்’ ஆகிவிடும். அப்படித்தான் ‘ரோட்’ என்பது ‘ராய்ட்’ ஆனது. ஆக்ராய்ட், ஹோல்ராய்ட், பூத்ராய்ட், லீராய்ட், ஓல்ட்ராய்ட் எல்லாம் இந்த வட்டாரத்துப் பெயர்களே. ராய்ட் என்று முடியும் ஆங்கிலப் பெயரைப் பார்த்ததும் உங்கள் விரல் தானாக வரைபடத்தில் ஹாலிஃபாக்ஸ், ஹடர்ஸ்ஃபீல்டு பக்கம் போக வேண்டும்.

இந்தக் கட்டத்தில் குலச்சின்னம் விற்கிறவர்கள் கண்ணில் படுவார்கள். உங்கள் குடும்பப்பெயரின் கேடயம் என்று சட்டம் போட்டுத் தருவார்கள். இங்கிலாந்தில் குலச்சின்னம் தனி மனிதருக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் வழங்கப்படுவது. ஒரு பெயருக்கென்று பொதுவாக வழங்கப்படுவதில்லை. காசைக் கொடுத்து ஏமாற வேண்டாம்.

படி 7: ஏன் அங்கேயே தங்கியது?

இந்தக் கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. எனக்கோ முழுத் தேடலிலும் மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஹாலிஃபாக்ஸைச் சுற்றி இருப்பது செங்குத்தான சரிவு, ஏழை மண், ஓயாத மழை. உழவை மட்டும் நம்பி ஒரு குடும்பம் பிழைக்க முடியாது. ஆனால் ஓடைத் தண்ணீர் சுண்ணாம்புச் சத்து இல்லாத மென்னீர். கம்பளி அலசவும் சாயம் தோய்க்கவும் அது தோதானது. சிறு துண்டு நிலம், ஒரு பசு, வீட்டுக்குள் ஒரு தறி என்று மலைமேலேயே வாழ்க்கை நடந்தது. வெளியூர் போகத் தேவை இல்லாததால் பெயரும் போகவில்லை. நெய்த துணியை விற்க ஹாலிஃபாக்ஸில் 1779இல் திறந்த பீஸ் ஹால் என்ற பெரிய சந்தை முற்றம் இன்றும் நிற்கிறது.

அந்தத் துணிப் பணத்தில் உயர்ந்தவர்களில் முர்கட்ராய்டுகளும் உண்டு. ஜேம்ஸ் முர்கட்ராய்ட் என்ற ஹாலிஃபாக்ஸ் துணி வணிகர், கீத்லிக்கு அருகே உள்ள ஈஸ்ட் ரிடில்ஸ்டன் ஹால் என்ற மாளிகையை 1640களில் விரித்துக் கட்டினார். இப்போது அது பழம்பெரும் கட்டடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் பராமரிப்பில் உள்ளது. பெயரை ஒரு கல் வீட்டில் தொட்டுப் பார்க்க வேண்டுமானால் அங்கே போகலாம்.

பின்னர் லங்காஷயரில் பருத்தி ஆலைகள் எழுந்தன. 1881 வரைபடத்தில் மலையைத் தாண்டித் தெரியும் புள்ளிகளை இந்தப் பின்னணியில் வைத்துப் பாருங்கள்.

படி 8: டி.என்.ஏ. சான்று (விருப்பம் இருந்தால்)

குடும்பப்பெயரும் ஒய் குரோமோசோமும் தந்தையிடமிருந்து மகனுக்கு வருபவை. 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்றில், சைக்ஸ் என்ற பெயர் கொண்ட 48 ஆண்களைச் சோதித்ததில் 21 பேருக்கு ஒரே ஒய் குரோமோசோம் வகை இருந்தது. சைக்ஸும் யார்க்ஷயரில் வேர்விட்ட பெயர்தான். 2009இல் லெஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 40 பெயர்களைச் சேர்ந்த 1,678 ஆண்களை ஆராய்ந்து, பெயர் எவ்வளவு அரியதோ அவ்வளவுக்கு அதை உடையவர்கள் ஒரே மூதாதையிடமிருந்து வந்திருக்கும் வாய்ப்பு மிகுதி என்று காட்டினார்கள். சைக்ஸ்களில் பாதிக்கு மேற்பட்டோர் பொருந்தவில்லை என்பதையும் கவனியுங்கள். தத்துப் பிள்ளைகள், தாயின் பெயரை ஏற்ற குழந்தைகள், விரும்பிப் பெயர் மாற்றிக்கொண்டவர்கள் என்று காரணங்கள் பல. எனவே பொருத்தம் இல்லை என்று வந்தால் யாரையும் சந்தேகிக்க வேண்டாம்.

படி 9: நில வரைபடத்தில் விரல் வைத்துத் தேடுங்கள்

ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் தளத்தில், ஒரு மைலை ஆறு அங்குலமாகக் காட்டும் பழைய ஆர்ட்னன்ஸ் சர்வே (பிரிட்டனின் அரசு நில அளவைத் துறை) வரைபடங்கள் இலவசமாக உள்ளன. இங்கிலாந்தின் தாள்களும் அதில் அடக்கம். வெஸ்ட் ரைடிங்கின் முதல் பதிப்பு 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தது. வார்லியைக் கண்டுபிடித்துப் பெரிதாக்குங்கள். பண்ணை வீடுகளின் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்து, ராய்ட் என்று முடிபவற்றை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு கால்டர் ஆற்றோடு மேற்கே போனால் மைதம்ராய்ட் என்ற ஊர் வரும். அதையும் பட்டியலில் சேர்த்துக்கொண்டு, பக்கத்தில் ஆக்ராய்ட், ஹோல்ராய்ட் என்ற பெயர்களையும் எழுதி வையுங்கள். அடுத்த தேடலை அவற்றில் ஒன்றை வைத்துப் படி 1இலிருந்து தொடங்கலாம்.