சுங்கை சிப்புட் கடை சர்வருக்கு ஈப்போவில் ஒரு நகல்: குறைந்த செலவில் செய்வது எப்படி

தோட்டங்களைச் சுற்றி வளர்ந்த ஊர்களில் உரக்கடை, மொத்தச் சரக்குக்கடை, கிளினிக் எதுவானாலும், கணக்கு முழுவதும் மேசைக்கடியில் இருக்கும் ஒரே சர்வர் பெட்டியில்தான் கிடக்கும். மலேசியாவின் 1967 வருமான வரிச் சட்டப்படி வணிகப் பதிவுகளை 7 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். பெட்டியை இடி அடித்தாலும் திருடன் தூக்கிப் போனாலும் அந்தக் கடமை போகாது. அதனால் இரண்டாவது பிரதி வேறு ஊரில் இருக்க வேண்டும். சுங்கை சிப்புட் கடைக்கு ஈப்போவில் இருக்கும் உறவினர் வீடு போதும். உள்ளூரில் முதலாளி வீட்டில் வைத்தால் தீயையும் திருட்டையும் சமாளிக்கலாம், ஊரையே பாதிக்கும் வெள்ளத்தைச் சமாளிக்க முடியாது.

கடையில் ட்ரூநாஸ் ஓடும் ஒரு பெட்டி கோப்புகளை வைத்திருக்கிறது, விண்டோஸ் கணினிகள் அதில் சேமிக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ட்ரூநாஸ் என்பது கணினியைக் கோப்புச் சேமிப்பு சர்வராக்கும் இயங்குதளம், இலவசம். ஈப்போவிலும் அதையே போடப்போகிறோம்.

வாங்க வேண்டியவை

பழைய டெல் ஆப்டிபிளெக்ஸ் போன்ற அலுவலகக் கணினி ஒன்று. ரேம் 8 ஜிபிக்குக் குறையக் கூடாது. சிஸ்டத்துக்குத் தனியாக ஒரு சிறிய எஸ்எஸ்டி வேண்டும், ஏனென்றால் ட்ரூநாஸ் நிறுவிய வட்டில் தரவை வைக்க முடியாது. தரவுக்கு 4 டிபி ஹார்ட் டிஸ்க் இரண்டு. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்: விலை குறைவு என்று எஸ்எம்ஆர் வகை (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிய எழுதும்) வட்டு வாங்கினால், ஒன்று பழுதாகி மாற்றும்போது மறுநகலெடுப்பு நாள்கணக்கில் இழுக்கும், பாதியில் வட்டு கழன்றும் போகலாம். தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியாத சிஎம்ஆர் வகை கேளுங்கள். சீகேட் அயன்வுல்ஃப், டபிள்யூடி ரெட் பிளஸ் இரண்டும் அந்த வகை. பெயரில் 'பிளஸ்' இல்லாத டபிள்யூடி ரெட் வேறு சரக்கு.

650 விஏ யுபிஎஸ் ஒன்று. ரவுட்டரையும் மோடத்தையும் அதிலேயே செருகுங்கள். ஃபைபர் கண்ணாடி இழை மின்னலைக் கடத்தாது. மோடத்தின் அடாப்டரும், கட்டடம் விட்டுக் கட்டடம் இழுத்த செம்பு லேன் கேபிளும் நன்றாகவே கடத்தும். பயாஸில், மின்சாரம் திரும்பியதும் கணினி தானாக எழும் அமைப்பை இயக்கிவிடுங்கள். இதை விட்டுவிட்டால் ஒவ்வொரு மின்தடைக்கும் யாராவது பட்டனை அழுத்த ஈப்போ போக வேண்டியிருக்கும். 40 வாட் இழுக்கும் பெட்டி மாதத்துக்குச் சுமார் 29 யூனிட் மின்சாரம் தின்னும். வீட்டுக்காரரிடம் இதை முதலிலேயே பேசிவிடுவது நல்லது.

முதலில் கணக்குக் கோப்பு

கணக்கு மென்பொருள்களில் எஸ்கியூஎல் அக்கவுண்ட் ஃபயர்பேர்ட் தரவுத்தளத்தில் ஓடுகிறது, ஆட்டோகவுண்ட் மைக்ரோசாஃப்ட் எஸ்கியூஎல் சர்வரில். ஆட்கள் பில் போட்டுக்கொண்டிருக்கும்போது அந்தக் கோப்பை அப்படியே நகலெடுத்தால் பாதி எழுதிய பக்கங்களும் சேர்ந்து வரும், பிறகு திறக்காமலும் போகலாம். மென்பொருளிலேயே இருக்கும் பேக்கப் வசதியால் தினமும் மாலை 7.30க்கு ஒரு கோப்பு எடுத்து, ட்ரூநாஸ் பகிர்வில் விழச் செய்யுங்கள். நாம் அனுப்பப்போவது அதைத்தான்.

கடைப் பெட்டியில்

தரவு இன்னொருவர் வீட்டுக்குப் போவதால் டேட்டாசெட்டை (ட்ரூநாஸில் கோப்புகள் இருக்கும் பகுதி) உருவாக்கும்போதே என்கிரிப்ஷனை (சாவியால் பூட்டுவதை) இயக்குங்கள். பிறகு சேர்க்க வழி கிடையாது, புதிதாக ஒன்று செய்து கோப்புகளை நகர்த்தத்தான் வேண்டும். சாவிக் கோப்பை இறக்கி யுஎஸ்பியில் போட்டு, இரும்புப் பெட்டியில் வையுங்கள். அது தொலைந்தால் இரண்டு ஊரிலும் தரவு இருந்தும் பயனில்லை.

அடுத்து 'டேட்டா புரொடெக்‌ஷன்' பக்கத்தில் ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்தில் கோப்புகள் இருந்த நிலையின் பதிவு) எடுக்கும் பணி ஒன்று: காலை 8 முதல் இரவு 8 வரை மணிக்கு ஒன்று, ஒரு மாதம் வைத்திரு. ஒரு மாதம் என்பதற்குக் காரணம் உண்டு. இரு பெட்டியிலும் பொதுவான ஸ்னாப்ஷாட் ஒன்றாவது இருந்தால்தான் மாற்றங்களை மட்டும் அனுப்ப முடியும். ஒரு வாரம் என்று வைத்து, இணைய இணைப்பு பத்து நாள் அறுந்து கிடந்தால், மறுபடி முழுவதையும் அனுப்ப வேண்டியதுதான்.

இரண்டையும் இணைத்தல்

பல இணைப்புகளில் வெளியிலிருந்து நேராக எட்டக்கூடிய ஐபி முகவரி கிடைப்பதில்லை. ரவுட்டரில் போர்ட் திறந்துவைப்பதும் ஆபத்து. பெட்டிகளை இணையம் வழியாகத் தனிப் பாதையில் இணைக்கும் டெயில்ஸ்கேல் மென்பொருளைப் போட்டால் இரண்டு சிக்கலும் தீரும், ஆனால் வணிகப் பயன்பாட்டுக்கு எந்தத் திட்டம் பொருந்தும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ட்ரூநாஸ் செயலிப் பட்டியலிலிருந்து இரு பெட்டியிலும் நிறுவி, 'ஹோஸ்ட் நெட்வொர்க்' பெட்டியில் டிக் போடுங்கள், 'யூசர்ஸ்பேஸ்' டிக்கை எடுங்கள். இல்லாவிட்டால் செயலி ஓடும், ஆனால் ரெப்ளிகேஷன் (ஸ்னாப்ஷாட்டுகளை மறுபெட்டிக்கு நகலெடுப்பது) மட்டும் மறுபெட்டியை எட்டாது. டெயில்ஸ்கேல் நிர்வாகப் பக்கத்தில் இரண்டு பெட்டிக்கும் டெயில்ஸ்கேலின் சாவிக் காலாவதியை ('கீ எக்ஸ்பைரி') நிறுத்துங்கள். அப்படியே விட்டால் 180 நாளில் இணைப்பு சத்தமில்லாமல் அறுந்துவிடும்.

இழுக்க வேண்டும், தள்ளக் கூடாது

கடைப் பெட்டி தள்ளினால், ஈப்போப் பெட்டிக்குள் நுழையும் சாவி கடையில் இருக்கும். ரேன்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீய மென்பொருள்) கடையைப் பிடித்தால் அதே சாவியால் ஈப்போவையும் பிடிக்கும். ஆகவே ஈப்போப் பெட்டியே வந்து இழுத்துக்கொள்ளட்டும். கடையில் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து பாதுகாப்பாக நுழையும் வழி) சேவையை இயக்குங்கள். ஈப்போப் பெட்டியில் இரண்டு வட்டையும் மிரர் பூலாக்கி (இரண்டிலும் ஒரே தரவு இருக்கும்), 'செமி ஆட்டோமேட்டிக்' முறையில் எஸ்எஸ்எச் இணைப்பு உருவாக்குங்கள், முகவரியாக 100இல் தொடங்கும் டெயில்ஸ்கேல் எண்ணைக் கொடுங்கள். பிறகு ரெப்ளிகேஷன் பணி: திசை 'புல்' (இழுத்தல்), நேரம் இரவு 11, டேட்டாசெட்டின் பண்புகளையும் சேர்க்கும் டிக் போட்டு, இலக்கு 'ரீட் ஒன்லி', அங்கே வைத்திருக்கும் காலம் 6 மாதம். தரவு பூட்டிய நிலையிலேயே போய்ச் சேரும், என்கிரிப்ஷன் சாவி அதோடு ஈப்போவுக்குப் போகாது.

ரெப்ளிகேஷன் பணியில் கொடுக்கும் ஸ்னாப்ஷாட் பெயர் வடிவம் கடையின் ஸ்னாப்ஷாட் பணியில் இருப்பதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். ஒரு கோடு மாறினாலும் பணிக்கு அனுப்ப ஒன்றும் கிடைக்காது. இரு பெட்டியிலும் நேர மண்டலம் கோலாலம்பூர். 'ரெப்ளிகேட் ஃப்ரம் ஸ்க்ராட்ச்' என்ற டிக்கைத் தொடவே வேண்டாம். கடையில் ஸ்னாப்ஷாட்டுகள் அழிந்த நாளில், ஈப்போவில் மிஞ்சியிருப்பதையும் துடைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கும் டிக் அது.

முதல் சுற்றைக் கடையிலேயே ஓட்டுங்கள். 50 எம்பிபிஎஸ் அப்லோடில் மணிக்கு 20 ஜிபி போனால் பெரிது, 1 டிபிக்கு இரண்டு நாளுக்கு மேல் ஆகும். இரண்டு பெட்டியையும் ஒரே சுவிட்சில் மாட்டினால் டெயில்ஸ்கேல் உள்வழியாகவே அனுப்பிவிடும். முகவரி மாறாததால், முடிந்ததும் பெட்டியை அணைத்து, காரில் ஈப்போ கொண்டுபோய் மாட்டினால் போதும். அதன் பிறகு தினமும் மாறியது மட்டும்தான் போகும்.

பார்த்துக்கொள்ள வேண்டியவை

மின்னஞ்சல் எச்சரிக்கையை அமைத்து ஒரு சோதனைச் செய்தி அனுப்பிப் பாருங்கள். ஸ்க்ரப் (வட்டிலுள்ள தரவைப் படித்துப் பிழை தேடும் சோதனை) தானாகவே 35 நாளுக்கு ஒருமுறை ஓடும், அதை அணைக்காதீர்கள். ஈப்போப் பெட்டியை எறும்பும் எலியும் எட்டாத அலமாரியில் வைத்து, முன்னும் பின்னும் காற்றுக்கு இடம் விடுங்கள்.

மாதம் ஒருமுறை ஈப்போவில் என்கிரிப்ஷன் சாவியைக் கொடுத்து டேட்டாசெட்டைத் திறந்து, கணக்கு பேக்கப் ஒன்றை மடிக்கணினிக்கு எடுத்து, மென்பொருளில் மீட்டு, நேற்றைய கடைசி பில் எண் வருகிறதா என்று பாருங்கள். கோப்பு அங்கே இருப்பதைப் பார்த்துவிட்டுத் திருப்திப்படுவது சோதனை ஆகாது. ஒன்று நினைவிருக்கட்டும்: சாவிக் கோப்பு வகை டேட்டாசெட்டைத் திறந்தபின் ட்ரூநாஸ் பக்கத்திலிருந்து மறுபடி பூட்ட முடியாது, கடவுச்சொல் வகையை மட்டுமே அப்படிப் பூட்டலாம்.

கடைப் பெட்டி செத்துப்போனால் இணையம் வழியாக இறக்கிக்கொண்டிருக்க வேண்டாம். ஈப்போப் பெட்டியையே எடுத்து வரலாம். ஆனால் அந்த நேரத்தில் உலகத்திலேயே அது ஒன்றுதான் பிரதி. காரில் ஏற்றும் முன் முக்கியமானதை ஒரு யுஎஸ்பி வட்டுக்கு நகலெடுத்து, அந்த வட்டை ஈப்போவிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.